ஐரோ என்னும் பெரியப்பா

சென்ற ஐப்பசியில் என் பெரியப்பா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிப் போய், கடலூர் புதுப்பாளையத்தில் உள்ள எங்கள் வீட்டில் அடைமழையின் சத்தம் மட்டும் மிஞ்சியிருந்த ஒரு மாலையில், பண்ருட்டியிலிருந்து வந்திருந்த அக்காவின் மகன் கூடத்து மூலையில் உட்கார்ந்து மடிக்கணினியில் ஒரு அனிமேஷன் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினொரு வயதுப் பிள்ளை. எனக்கு யாரிடமும் பேச வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காகவே நான் போய் அவன் அருகில் உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்து அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்:

“மாமா, இந்தத் தாத்தா அவனோட அப்பாவுக்குக் கூடப் பொறந்த அண்ணன். அப்ப பெரியப்பாதான? ஏன் அங்கிள் அங்கிள்னே கூப்புடுறான்?”

அந்தக் கேள்வி என்னை அந்தத் தொடருக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்னும் அந்தத் தொடரை மைக்கேல் டான்டே டிமார்ட்டினோவும் பிரையன் கொனியட்ஸ்கோவும் உருவாக்கினார்கள். 2005 பிப்ரவரி முதல் 2008 ஜூலை வரை அமெரிக்காவின் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் மூன்று பாகங்களாக, 61 அத்தியாயங்களாக அது ஒளிபரப்பானது. நீர், நிலம், நெருப்பு, காற்று ஆகியவற்றைத் தம் உடலசைவால் ஆளத் தெரிந்த மக்கள் வாழும் ஒரு கற்பனை உலகம். அதில் நெருப்பு நாடு நூறாண்டுகளாகப் பிற நாடுகளின் மீது போர் தொடுத்திருக்கிறது. கதையின் வெளித்தோற்றம் போர்தான். ஆனால் அதில் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் யாரையாவது பறிகொடுத்த பிள்ளைகளாகவே இருக்கிறார்கள். பறிகொடுத்தவர்கள் ஒருவரையொருவர் எப்படித் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் அந்த 61 அத்தியாயங்களின் உள்ளே ஓடும் கதை என்று நான் நினைக்கிறேன்.

பையன் கேட்டது சரியான கேள்வி. நெருப்பு நாட்டு இளவரசன் ஜூக்கோவின் தந்தை ஓசாய். ஓசாயின் மூத்த சகோதரர் ஐரோ. ஆங்கிலத்தில் அங்கிள் என்ற ஒரே சொல் மாமனையும் சித்தப்பனையும் பெரியப்பனையும் ஒன்றாகக் கட்டிவைத்துவிடுகிறது. நம் சொல்லில் ஐரோ ஒரு பெரியப்பா. அந்தச் சொல்லுக்குள்ளேயே அப்பா இருக்கிறார். இன்னும் முக்கியமான ஒன்றும் அதனால் மாறுகிறது. போரில் இறந்துபோன ஐரோவின் ஒரே மகன் லூ டென், ஆங்கிலத்தில் ஜூக்கோவுக்கு வெறும் ‘கசின்’. நம் வழக்கில் அவன் ஜூக்கோவின் அண்ணன். அப்படிப் பார்த்தால் அந்த வீட்டில் நிகழ்ந்தது ஒரு தகப்பன் மகனை இழந்தது மட்டுமன்று, ஒரு தம்பி அண்ணனை இழந்ததும்தான். தொடரின் இரண்டாம் பாகத்தில் ஜூக்கோ தனியே குதிரை போன்றதொரு விலங்கின் மேல் ஊர் ஊராக அலையும் அத்தியாயத்தில் அந்தச் செய்தி வந்த நாள் நினைவாகக் காட்டப்படுகிறது. தாய் அர்சா கடிதத்தைப் படித்துவிட்டுப் பிள்ளைகளிடம் சொல்கிறாள். தங்கை அசூலா பெரியப்பாவைப் பாதியில் விட்டு வந்த தோல்வியாளர் என்கிறாள். உண்மையான தளபதியாக இருந்தால் நின்று நகரத்தை எரித்திருப்பார், இவர் அழுதுகொண்டு வீடு திரும்புகிறார் என்கிறாள். தந்தையோ, அண்ணனுக்கு வாரிசு இல்லாமல் போயிற்று, இனி அரியணை எனக்கே என்று கேட்கப் போகிறான். ஒரு சாவு வீட்டில் யாரும் கூடி உட்கார்ந்து அழவில்லை. குழந்தைகளுக்கென்று எடுக்கப்பட்ட தொடரில் இவ்வளவு குளிர்ந்த ஒரு வீட்டை நான் எதிர்பார்க்கவில்லை.

என் அண்ணனும் பெரியப்பா மகன்தான். 1987இல் பிறந்தவன், எனக்கு எட்டு வயது மூத்தவன். மஞ்சக்குப்பத்தில் பெரியப்பா வைத்திருந்த சைக்கிள் கடையில் விடுமுறை நாட்களில் அண்ணனும் நிற்பான். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறை. அன்று அவனைக் கடைக்கு வர வேண்டாம் என்று பெரியப்பாதான் அனுப்பிவைத்தார், அவன் நண்பர்களோடு கிரிக்கெட் விளையாட தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போனான் என்பது எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் அறிந்த விவரம். காலையில் சுனாமி வந்தது. அண்ணன் மூன்றாம் நாள் கிடைத்தான். அவன் ஓட்டிப்போன சைக்கிள் அதற்கும் சில நாட்கள் கழித்து மணலில் பாதி புதைந்து கிடைத்தது. பெரியப்பா அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, போக்ஸ் கம்பிகளை எல்லாம் மாற்றி, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, கடையின் பின்சுவரில் ஒரு கொக்கியில் மாட்டினார். அதற்குப் பிறகு அந்தத் தை மாதம் முழுவதும் மாலை வேளைகளில் தேவனாம்பட்டினத்துக்குப் போய், சைக்கிளில் மீன் விற்பவர்களின் வண்டிகளைக் காசு வாங்காமல் பழுதுபார்த்துக் கொடுத்தார். உப்புத் தண்ணீர் ஏறிய வண்டிகள். செயினும் பேரிங்கும் துருப்பிடித்தவை. மகனைக் கொடுத்த கடற்கரைக்கே தினமும் எப்படிப் போக முடிந்தது என்று நான் அன்று கேட்கவில்லை. எனக்கு ஒன்பது வயது.

பா சிங் சே நகரத்துச் சிறு கதைகளின் தொகுப்பாக 2006 செப்டம்பரில் ஒளிபரப்பான ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதில் ஐரோவின் கதை சில நிமிடங்கள்தான். கூடை ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் நகரத்துக்குள் நடக்கிறார். கடைக்காரரிடம் அந்தப் பூச்செடியைக் கொஞ்சம் நிழலில் வையுங்கள் என்று சொல்கிறார். வீறிட்டு அழும் குழந்தைக்கு, வீடு திரும்பும் ஒரு சின்னஞ்சிறு போர்வீரனைப் பற்றிய பாட்டைப் பாடிச் சிரிக்க வைக்கிறார். பந்து விளையாடிச் சன்னலை உடைத்த பையன்களுக்கு அறிவுரை சொல்கிறார். தன்னிடமே வழிப்பறி செய்ய வந்தவனுக்கு நிற்கும் நிலையைத் திருத்திக் கற்றுத் தந்து, பிறகு அவனை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, நீ வேறு ஆளாக இருக்க முடியும் என்கிறார். கடைசியில் ஒரு குன்றின் மேல் ஒரு மரத்தடிக்கு வந்து, கூடையிலிருந்து மகனின் படத்தை எடுத்து வைத்து ஊதுவத்தி ஏற்றுகிறார். அன்று மகனின் பிறந்தநாள். காலையில் குழந்தைக்குப் பாடிய அதே பாட்டைப் பாடத் தொடங்குகிறார். இப்போது குரல் உடைந்துபோகிறது.

ஐரோவுக்குக் குரல் கொடுத்த நடிகர் மாக்கோ, அந்த அத்தியாயம் வெளிவருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, 2006 ஜூலையில் இறந்துபோயிருந்தார். ஐரோவின் அந்தச் சிறு கதை முடிந்ததும் அவர் நினைவுக்கென்று ஒரு வரி திரையில் வருகிறது. ஜப்பானின் கோபே நகரில் 1933இல் பிறந்தவர் அவர். மூன்றாம் பாகத்தில் கிரெக் பால்ட்வின் அந்தக் குரலை ஏற்றுக்கொண்டார். அந்தப் பாட்டைப் பாடும் குரலுக்கு உரியவரே இல்லை என்று தெரிந்துகொண்டு கேட்பதும் தெரியாமல் கேட்பதும் ஒன்றல்ல.

இந்தக் கதையில் எல்லோரும் பேசுவது அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றித்தான். எனக்கு அதைவிட அந்தப் பகல் பெரிதாகத் தெரிகிறது. ஐரோ நடந்து போகும் அந்த நகரம், ஒரு காலத்தில் அவரே 600 நாட்கள் முற்றுகையிட்ட நகரம். மகன் இறந்தது அந்த முற்றுகையில்தான். அந்தத் தெருக்களில் அவர் பாட்டுப் பாடித் தேற்றும் குழந்தையின் தாத்தாவோ மாமனோ அந்த மதிலின் மேல் நின்று செத்திருக்கக்கூடும். அவருக்கு அது தெரியாதிருக்க வழியில்லை. மகனுக்குப் படையல் வைக்கப் போகும் வழியில், தான் அழ வைத்த ஊரின் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே போகிறார். அவருடைய இரக்கத்துக்குள் ஒரு கடன் இருக்கிறது. ஆனாலும் அந்தக் காட்சியை வெறும் பிராயச்சித்தம் என்று மட்டும் நான் கொள்ள மாட்டேன். மகன் இருந்திருந்தால் அவனுக்காகச் செய்திருக்கக்கூடியது எல்லாம் கையில் மிஞ்சிக் கிடக்கிறது. அதை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். என் பெரியப்பா எந்த ஊரையும் முற்றுகையிட்டவர் அல்லர். தை மாதத்தில் அவர் மீன்காரர்களின் சைக்கிள்களைத் துடைத்துக்கொண்டிருந்ததும் இதனால்தான் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

2007இல் என் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவும் அக்காவும் நானும் பெரியப்பா வீட்டுக்கு வந்தோம். அந்த நாட்களில் எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் பலர்: நீதான் இனி வீட்டுக்கு ஆம்பளை, அம்மாவைப் பார்த்துக்கொள், அழாதே. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் என்னைக் கடைக்குக் கூட்டிப்போய், ஒரு டியூபைக் கையில் கொடுத்துக் காற்றடிக்கச் சொன்னார். தொட்டித் தண்ணீருக்குள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். “அவசரப்படாத. ஓட்ட தானா சொல்லும்” என்றார். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப் போடும் வரையில் வேறு எதுவும் பேசவில்லை. மறுநாளும் கூப்பிட்டார். அந்தக் கோடை முழுவதும் நாங்கள் இருவரும் தொட்டியின் இரு பக்கமும் குந்தி உட்கார்ந்திருந்தோம்.

ஐரோவும் அப்படித்தான் செய்கிறார். பதின்மூன்று வயதில் சொந்தத் தந்தையால் முகம் கருக்கப்பட்டு நாடு கடத்தப்பட்ட ஜூக்கோவோடு, யாரும் போகச் சொல்லாமலே கப்பலில் ஏறிப் போகிறார். பையன் எரிந்து விழுகிறான். இவர் தேநீர் போடுகிறார். முதல் பாகத்தின் முடிவில், பனிக்கடலுக்குள் ஜூக்கோ தனியே புறப்படும் இரவில்தான், மகனை இழந்ததிலிருந்து உன்னை என் சொந்தப் பிள்ளையாகவே நினைக்கிறேன் என்று வாய் திறக்கிறார். சொல்ல வேண்டியதில்லை, எனக்குத் தெரியும் என்கிறான் பையன். அவ்வளவுதான் அவர்கள் அதைப் பற்றிப் பேசியது.

கதையின் நாயகன் ஆங், நூறாண்டுகள் பனிக்குள் உறைந்து கிடந்து கண் விழித்தவன்; அவனுக்கும் வயது பன்னிரண்டு. மூன்றாம் அத்தியாயத்திலேயே தன்னை வளர்த்த துறவி கியாட்சோவின் எலும்புக்கூட்டைக் காண்கிறான். தன் இனத்தில் தான் ஒருவன் மட்டுமே எஞ்சியிருப்பதை அறிந்து வெறிகொண்டு காற்றாய்ச் சுழலும் அவனை, அவன் தோழி கட்டாரா எதிர்காற்றில் ஊர்ந்து போய்க் கையைப் பிடித்து, இனி நாங்கள் உன் குடும்பம் என்று சொல்லி இறக்குகிறாள். அந்தப் பழைய உலகத்திலிருந்து அவனோடு கூடவே வந்த ஒரே உயிர், அவனைச் சுமந்து பறக்கும் ஆறு கால் எருமை. அதன் பெயர் ஆப்பா. இரண்டாம் பாகத்தில் பாலைவனத்து மக்கள் அதைத் திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள். மணல் வெளியில் அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் தன் எருமையின் பெயரைச் சொல்லிக் கதறும்போது தமிழ்க் காதில் அது என்னவாக விழும் என்று அந்தப் பெயரை வைத்தவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். நான் எழுந்து முற்றத்துக்குப் போய், மழைச் சாரலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது பையன் படத்தை நிறுத்தி வைத்திருந்தான். “நீங்க வரட்டும்னு” என்றான்.

அந்த அத்தியாயத்தின் முடிவில் ஆங் கோபத்தில் யாரையும் கொன்றுவிடக்கூடிய நிலைக்குப் போகிறான். கட்டாரா அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொள்கிறாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்குப் பிடித்தது அதற்கடுத்த அத்தியாயம். அங்கே ஆங் கட்டிக்கொள்ள வரும் கட்டாராவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு விலகிப்போகிறான். அழுது தீர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்தத் தொடர் பொய் சொல்லவில்லை. அழுகைக்குப் பிறகு வரும் அந்த மரத்துப்போன நாட்களையும் அது காட்டுகிறது. பிறகு வரும் ஒரு யோகி, இதயச் சக்கரத்தை அடைப்பது துயரம் என்றும், போனவர்களின் அன்பு போய்விடுவதில்லை, வேறு ஒருவரின் அன்பாக மறுபடி வருகிறது என்றும் ஆங்குக்குச் சொல்கிறார். அழகான சொற்கள்தாம். ஆனால் அந்த உபதேசத்தைவிட கட்டாரா அந்த மணிக்கட்டைப் பிடித்ததுதான் என்னிடம் நிற்கிறது.

துயரம் ஒரே வீட்டுக்குள்ளும் ஆளுக்கு ஆள் வேறு என்பதை கட்டாராவையும் அவள் அண்ணன் சொக்காவையும் வைத்து இந்தத் தொடர் காட்டியிருக்கும் விதம் மிக நுட்பமானது. தாயைக் கொன்றவனைத் தேடிக் கட்டாரா கிளம்பும்போது சொக்கா தடுக்கிறான். அப்படியானால் என்னைப் போல நீ அம்மாவை நேசிக்கவில்லை என்று அவள் சொல்லிவிடுகிறாள். அதற்கு முன்பே ஓர் அத்தியாயத்தில் சொக்கா, தோழி டாஃபிடம் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லியிருக்கிறான்: அம்மாவின் முகத்தை நினைக்க முயன்றால் எனக்குக் கட்டாராவின் முகம்தான் வருகிறது. அண்ணனைத் தாங்கித் தாங்கித் தாயாகவே ஆகிவிட்ட தங்கை அவள். அவளைத் தாங்க யார் இருந்தார்கள்?

நான் பெரியப்பாவுக்குச் செய்ததை இங்கே சொல்லாமல் இதை எழுதி முடிக்க முடியாது. 2013இல் தேவனாம்பட்டினத்துப் பெரியார் கலைக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. பெரியப்பா கொக்கியிலிருந்து அண்ணனின் சைக்கிளை இறக்கினார். ஓவராயில் செய்து, புது டயர் போட்டு, புது மணி மாட்டி, என் முன்னால் நிறுத்தினார். ஒரு வாரம் ஓட்டினேன். கூடப் படித்தவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். எட்டாம் நாள் அதைக் கடை வாசலில் விட்டுவிட்டு, “செத்தவன் சைக்கிள் எனக்கு எதுக்கு?” என்று கேட்டேன். அவர் கையில் ஸ்பேனர் இருந்தது. அதைக் கீழே வைத்தார். மறுநாள் மாலை சைக்கிள் மறுபடி கொக்கியில் தொங்கியது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதன் பின் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தோம். கடைசி நாட்களில் அவரைக் குளிப்பாட்டினேன், மருத்துவமனைக்குத் தூக்கிப்போனேன். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்கவில்லை.

ஜூக்கோவும் பெரியப்பாவைக் காட்டிக்கொடுத்தவன். அவனால் சிறைப்பட்ட ஐரோ கம்பிகளுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாதிருக்கிறார். பையன் கத்திவிட்டுப் போன பிறகு தனியே கண்ணீர் விடுகிறார். தொடரின் இறுதியில் ஜூக்கோ அவர் கூடாரத்துக்குள் வந்து, தூங்கும் மனிதரின் அருகில் விடியும்வரை மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறான். அவர் எழுந்ததும் மன்னிப்புக் கேட்கத் தொடங்குகிறான். வாக்கியம் முடிவதற்குள் அவர் அவனை இழுத்து அணைத்துக்கொள்கிறார். எனக்குக் கோபமே இல்லை, நீ வழி தவறிவிடுவாயோ என்ற வருத்தம்தான் இருந்தது என்கிறார். பையன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குச் சைக்கிள் கதை தெரியாது. சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “நாளைக்கு அத எறக்கலாமா மாமா?” என்று கேட்டான்.

அதை இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து இருவருமாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். இரண்டு நாட்களாக நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று கேட்டார். பையன் மடிக்கணினியைக் கொண்டுவந்து, ஐரோ கூடை வாங்கும் இடத்திலிருந்து அந்தச் சிறு கதையை அவருக்குப் போட்டுக் காட்டினான். மொழி புரியாத இடங்களில் அவனே சொல்லிக்கொண்டு வந்தான். மரத்தடியில் அந்தக் குரல் உடைந்தபோது பெரியம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: “அந்தப் புள்ளையோட அம்மா எங்க?”

“அவங்களக் காட்டவே இல்ல ஆயா. மொத்தத் தொடர்லயும் வர மாட்டாங்க.”

அது உண்மை. 61 அத்தியாயங்களில் லூ டென்னின் தாய்க்கு ஒரு காட்சியும் இல்லை, ஒரு பெயரும் இல்லை. நான் இரண்டு நாட்களாகப் பார்த்தும் அது எனக்கு உறைக்கவில்லை. பெரியப்பாவின் துயரத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த நான், இருபத்தோரு ஆண்டுகளாக அதே வீட்டில் அடுப்படியில் நின்றிருந்த பெரியம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வெகுநேரம் அவர் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன பெரிம்மா?” என்றேன்.

“அன்னைக்கு அவன அனுப்புனது ஒங்க பெரியப்பா இல்லடா. கடைக்கு வரச் சொல்லித்தான் அவரு கூப்புட்டாரு. லீவு நாளு, வெளயாடட்டும் விடுங்கன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன். துக்கத்துக்கு வந்தவங்க கேட்டப்ப, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, நான்தான் அனுப்புனேன்னு அவரு சொல்லிட்டாரு. கடசி வரைக்கும் அப்படியே சொல்லிக்கிட்டு இருந்துட்டுப் போயிட்டாரு.”

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. சைக்கிளை உள்ளே கூடத்துக்குத் தள்ளிவந்தோம். பெரியம்மா அன்று காலை அவன் நின்றுகொண்டே தின்ற இட்லியிலிருந்து தொடங்கினார். பின்னால் போய், அவன் நடக்கப் பழகியது, கெடிலத்தில் நீந்தப் போய் அடி வாங்கியது, என்னைக் கேரியரில் வைத்துக்கொண்டு பாடலீஸ்வரர் கோயில் தேர் பார்க்கக் கூட்டிப்போனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பையன் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டு, அவர் நிறுத்தும்போதெல்லாம் கேட்டான்:

“அப்புறம் ஆயா?”